அமர்வுத் தலைவருக்கும் அவையடக்கம் வேண்டும்

சனிக்கிழமைக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்த ஓர் ஆய்வு மாணவியை அமர்வுத் தலைவர் மேடையில் வைத்தே அவமதித்ததைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் ‘பெரியவர் உரிமையோடு ஏதோ சொல்லிவிட்டார், இதைப் போய்ப் பெரிதுபடுத்துவதா’ என்று அதே அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களே எழுதத் தொடங்கியபின் சும்மா இருக்க முடியவில்லை.

‘உன் நெறியாளர் இதைப் படித்துப் பார்த்தாரா, இல்லை அவருக்கும் படிக்கத் தெரியாதா?’ என்று அமர்வுத் தலைவர் அவரிடம் கேட்டது கேள்வி அன்று. கட்டுரையின் தரவைப் பற்றியோ முடிவைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பெண் விட்ட இடம் தெரியாமல் ஒலிவாங்கியின் முன் தாள்களைப் புரட்டிப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் துறைத்தலைவர்களும் உண்டு.

ஆய்வரங்கில் கடுமை வேண்டாமா என்கிறார்கள். நிச்சயம் வேண்டும். தொல்காப்பியம் அரங்கேறியபோது நூலைக் கேட்டுச் சோதித்த அதங்கோட்டாசான் அடுக்கடுக்காகக் குற்றம் கூற, தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னதாக உரையாசிரியர் நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். குற்றம் காண்பதென்றே வந்தவரும் நூலில்தான் குற்றம் கண்டார், விடையையும் இருந்து கேட்டார். கேள்வி கேட்பது வேறு, ஆளைக் குத்துவது வேறு என்பது முனைவர் பட்டம் வாங்கியவர்களுக்கு விளங்காதா?

நேரமில்லை என்பது அடுத்த சமாதானம். பத்து மணி என்று அச்சிட்ட தொடக்க விழா பதினொன்றரைக்குத் தொடங்கி, பொன்னாடைகளும் நினைவுப் பரிசுகளும் தீர்ந்து மதிய உணவில் போய் நின்றால், இரவெல்லாம் பேருந்தில் வந்த ஆய்வாளருக்கு ஐந்து நிமிடந்தான் மிஞ்சும். அந்த ஐந்து நிமிடத்திலும் கேலி செய்ய மட்டும் எப்படியோ நேரம் கிடைத்துவிடுகிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிமுறைப்படி, முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்குமுன் இரண்டு கருத்தரங்கக் கட்டுரைகளாவது வாசித்தாக வேண்டும் என்றிருந்த காலத்தில் ஆய்வு செய்தவன் நான். அப்படி வாசிக்கப் போன ஓர் அரங்கில் அமர்வுத் தலைவர் முதலில் கேட்டது என் ஊரை. அடுத்துக் கேட்டது, அப்பா என்ன தொழில் செய்கிறார் என்று. அவர் எதைத் தெரிந்துகொள்ள விரும்பினார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டபின், நான் வாசித்து முடிக்கும்வரை கைப்பேசியிலிருந்து அவர் தலை நிமிரவே இல்லை.

‘அவர் எத்தனை நூல்கள் எழுதியவர் தெரியுமா’ என்று ஒருவர் கேட்கிறார். எழுதியிருக்கட்டும். ‘பெண் என்பதால் பரிந்து பேசுகிறீர்கள்’ என்று இன்னொருவர். அவருக்குப் பதில் இல்லை.

பாலியல் துன்புறுத்தலென்றால் அதே மானியக் குழுவின் 2015 விதிமுறைகள் இருக்கின்றன, உள்ளகப் புகார்க் குழு இருக்கிறது; அக்குழு பல கல்லூரிகளில் அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடுவது வேறு கதை. மேடையில் வைத்து அவமதித்தால் ஆய்வாளர் யாரிடம் போவது? கட்டுரை யூனிகோடில் இருக்க வேண்டும், எழுத்தளவு 12, ஆறு பக்கத்துக்கு மிகக் கூடாது என்று கட்டுரையாளருக்கு அத்தனை விதிகளை அச்சிடும் அழைப்பிதழில், தலைமை வகிப்பவருக்கும் முன்வரிசைக்கும் ஒரு வரியாவது உண்டா? கட்டுரையைப் பற்றி மட்டும் கேளுங்கள், பதிலை முழுமையாகக் கேளுங்கள், கைப்பேசியை அணைத்து வையுங்கள் என்று அச்சிட்டால் யாருடைய பெருமை குறைந்துவிடும்?

அடுத்த கருத்தரங்கின் அமர்வுத் தலைவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்களாம். மிக்க மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பெண்ணின் கட்டுரையையும் கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்பான ஆய்வுக்கோவையிலிருந்து நீக்கப் பேச்சு நடப்பதாகக் கேள்விப்படுகிறேன். அப்படியானால், அவரிடம் வாங்கிய பதிவுக் கட்டணத்தையாவது திருப்பிக் கொடுங்கள், ஐயா.