தள்ளிப்போனது என்றால் செத்துப்போனது என்று அர்த்தம் இல்லை

2023 ஜூலை 18, செவ்வாய்க்கிழமை ராத்திரி அந்த லைவ் வீடியோவைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும். பார்க்காதவர்கள் தேடிப் போய்ப் பார்க்க வேண்டாம், ஏற்கெனவே தேவைக்கு மேல் வியூஸ் வந்தாகிவிட்டது. கேம் கம்பெனியான ஆக்டிவிஷனை மைக்ரோசாஃப்ட் வாங்கும் டீலைப் பற்றி மூன்று பேர் உட்கார்ந்துகொண்டு, "மைக்ரோசாஃப்ட் - ஆக்டிவிஷன் டீல் செத்துப்போச்சு, உள்ளே இருந்தே தகவல் வந்துடுச்சு" என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள். அதைச் சொன்னபோது சென்னையில் மணி இரவு 10:30. வாங்கி முடிக்க ஜூலை 18தான் கெடு, சரி. ஆனால் மைக்ரோசாஃப்ட் இருக்கும் ரெட்மண்டிலும் ஆக்டிவிஷன் இருக்கும் சான்டா மோனிகாவிலும் அப்போது காலை 10 மணிதான். கெடு நாள் அங்கே பாதிகூடக் கழியவில்லை. அதற்குள் இங்கே பாடை கட்டிவிட்டார்கள்.

நேற்று சாயங்காலம் என்ன ஆனது? இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து கெடுவை அக்டோபர் 18 வரை நீட்டித்துவிட்டோம் என்று அறிவித்தன. தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். முறியவில்லை.

வீடு வாங்க அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்ட யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். மூன்று மாதத்தில் கிரயம் முடிக்கிறேன் என்று எழுதியிருப்போம். வில்லங்கச் சான்றிதழில் ஒரு பெயர் தப்பாக இருக்கும், பேங்க்காரர் இன்னொரு மூலப் பத்திரம் கேட்பார், நாள் ஓடிவிடும். நாள் ஓடிவிட்டது என்பதற்காக அடுத்த நாள் காலையில் அக்ரிமென்ட் தானாகக் கிழிந்துவிடுமா? இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி நீட்டித்து எழுதிக்கொள்வார்கள். இங்கேயும் அதேதான். ஜூலை 18 தாண்டினால் யாராவது ஒருவர் விலகிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது, விலகியே ஆக வேண்டும் என்று இல்லை. அதோடு இந்த நீட்டிப்பில் மைக்ரோசாஃப்ட் தன் கழுத்தைத்தான் இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கிறது. அரசு அனுமதி கிடைக்காமல் டீல் உடைந்தால் கட்ட வேண்டிய தொகை 300 கோடி டாலராக இருந்தது. ஆகஸ்ட் 29க்குப் பிறகு உடைந்தால் 350 கோடி, செப்டம்பர் 15க்குப் பிறகு உடைந்தால் 450 கோடி. செத்துப்போன டீலுக்கு யாராவது அட்வான்ஸை ஏற்றிக் கொடுப்பார்களா?

2022 ஜனவரியில் 6,870 கோடி டாலர் என்று அறிவித்ததிலிருந்து இது எத்தனை முறை 'செத்தது' என்று யோசித்துப் பாருங்கள். டிசம்பரில், வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிசி வழக்குப் போட்டபோது செத்தது. 2023 ஏப்ரல் 26 அன்று அதே வேலையைப் பிரிட்டனில் செய்யும் சிஎம்ஏ, கிளவுட் கேமிங்கை (இன்டர்நெட் வழியாகவே கேம் ஆடுவதை) காரணம் காட்டித் தடுத்தபோது மறுபடி செத்தது. அன்றைக்கு ஆக்டிவிஷன் பங்கு ஒரே நாளில் 10 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. போன வாரம் சான் பிரான்சிஸ்கோவில் நீதிபதி ஜாக்குலின் ஸ்காட் கார்லி, எஃப்டிசி கேட்ட தடையைக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். இதே லைவ்காரர்கள் அன்றைக்கு "டீல் ஓகே ஆயிடுச்சு" என்று கத்தினார்கள். ஒரு வாரத்தில் ஓகே ஆனதும் இவர்கள் வாயால்தான், செத்ததும் இவர்கள் வாயால்தான். பிரிட்டன் பாக்கி இருக்கிறது, அங்கே பேச்சு நடக்கிறது, முடிவு வரட்டும் என்று சொன்னால் இரண்டு மணி நேர லைவ் ஓடாது, அதுதான் பிரச்சினை.

வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் முதலீட்டுக் கம்பெனி 2022இல் ஆக்டிவிஷனில் 9.5 சதவீதம் அளவுக்குப் பங்கு வைத்திருந்தது. டீல் முடியும் என்று கணக்குப் போட்டு வாங்கிய மனிதர் அவர். அவர்கூட நிச்சயம் நடக்கும் என்று சொல்லவில்லை. அவ்வளவு பணத்தைப் போட்டவருக்கே இல்லாத நிச்சயம், மைக் முன்னால் உட்கார்ந்த மூன்று பேருக்கு எங்கிருந்து வந்தது?

"பேசினால் என்ன தப்பு, பொழுதுபோக்குதானே" என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

அன்றைக்கு இரவு 12 மணிக்கு எனக்கு ஒரு போன். முன்பு என்னோடு வேலை பார்த்த தம்பி, இப்போது தொரைப்பாக்கத்தில் ஒரு இடத்தில் கேம் டெஸ்டராக, அதாவது கேமில் தப்பு இருக்கிறதா என்று ஆடிப் பார்த்துச் சொல்பவனாக இருக்கிறான். "அண்ணா, டீல் போச்சாமே, எங்க ப்ராஜெக்ட்ல கை வைப்பாங்களா?" என்றான். அவன் செய்கிற ப்ராஜெக்டுக்கும் இந்த டீலுக்கும் நேரடியாக எந்தச் சம்பந்தமும் இல்லை. அதைப் புரிய வைக்க எனக்கு 40 நிமிஷம் ஆனது. பின்னால் அவன் அம்மா "யாருடா இந்நேரத்துல" என்று கேட்டது எனக்குக் கேட்டது. அவன் தங்கைக்கு அடுத்த மாதம் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். உங்களுக்குப் பொழுதுபோக்கு, சரி. அவனுக்கு?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால், சொல்கிறேன். இதுவரை இங்கே எழுதியதில்லை.

2016இல் நான் பெருங்குடியில் ஒரு சின்ன கேம் டெஸ்டிங் கம்பெனியில் இருந்தேன். அதை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வாங்கப் போகிறது என்று சொல்லி நாலு மாதம் இழுத்தடித்தது. கீழே டீக்கடையில் தினமும் ஒரு கதை. ஒருநாள் காலையில் வாட்ஸ்அப்பில் வந்தது, "சேல் கேன்சல், மார்ச்சோட ஆபீசை மூடறாங்க". யார் எழுதியது, எங்கிருந்து வந்தது, எதுவும் தெரியாது. நான் அதை எங்கள் டீம் லீடுக்கு அனுப்பினேன். அவர்மேல் அக்கறையில்தான் அனுப்பினேன். மேடவாக்கத்தில் அப்போதுதான் லோன் போட்டு வீடு வாங்கியிருந்தார், அண்ணிக்கு ஏழாம் மாதம். அவர் பயந்துபோய் ஒரே வாரத்தில் பேப்பர் போட்டுவிட்டு, மாதம் 8,000 ரூபாய் குறைவாக இன்னொரு இடத்தில் சேர்ந்தார். அவர் போய் மூன்று வாரத்தில் கையெழுத்தானது. இருந்த எல்லோருக்கும் போனஸ் வந்தது, ஒருவரையும் அனுப்பவில்லை.

கடைசி நாள் ஆக்சஸ் கார்டைக் கொடுத்துவிட்டு டீக்கடையில் வந்து நின்றார். கையில் ஒரு துணிக்கடை கவர், அதற்குள் அவருடைய ஹெட்செட், காதுப் பஞ்சு பிய்ந்தது, பக்கவாட்டில் வைட்னரால் பெயர் எழுதியது. எனக்கும் சேர்த்து டீக்குக் காசு கொடுத்தார். அந்த மெசேஜை நான்தான் அனுப்பினேன் என்பதை அன்றைக்கும் சொல்லிக்காட்டவில்லை, கையெழுத்தான பிறகு பேசியபோதும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லித் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"நீ மைக்ரோசாஃப்டுக்கு வக்காலத்து வாங்குகிறாய்" என்று நேற்றே ஒருவர் எழுதிவிட்டார். வாங்கவில்லை. ஒரே கம்பெனி எல்லாவற்றையும் வளைத்துப் போட்டால் நாளைக்கு என்ன ஆகும் என்ற பயம் எனக்கும் உண்டு, பிரிட்டன்காரர்கள் கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான். இந்த டீல் நடக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை, நடக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. தள்ளிப்போனதைச் செத்துப்போனது என்று சொல்லாதீர்கள் என்கிறேன். இந்த ஒரு வித்தியாசத்தைச் சொன்னதற்கு எனக்கு "பூமர்", "எக்ஸ்பாக்ஸ் அடிமை" என்று பட்டம். எக்ஸ்பாக்ஸ் மைக்ரோசாஃப்டுடையது. என் வீட்டில் இருப்பது அதற்குப் போட்டியான சோனியின் பிளேஸ்டேஷன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆக்டிவிஷன் என்றால் கால் ஆஃப் டூட்டி என்ற கேம் மட்டும் இல்லை. அதன் கிளை ஸ்டூடியோவான ரேவன் சாஃப்ட்வேரில் 2021 டிசம்பரில் டெஸ்டர்கள் சிலருக்கு வேலை போகிறது என்று தெரிந்ததும் மற்ற டெஸ்டர்கள் வேலையை நிறுத்தினார்கள். டீல் அறிவிப்பு வந்தபோது அந்த வேலைநிறுத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மே மாதம் ஓட்டெடுப்பு நடத்தி, 19-க்கு 3 என்று ஜெயித்து யூனியன் ஆரம்பித்தார்கள். நானும் தம்பியும் செய்கிற அதே வேலை. ஒன்றரை வருஷமாக முதலாளி யார் என்றே தெரியாமல் ஒவ்வொரு தேதியாக எண்ணிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் இவர்களைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததா? பங்கு விலை வந்தது, மைக்ரோசாஃப்டின் மாதச் சந்தாவான கேம் பாஸ் வந்தது, சோனி ரசிகர்களைக் கிண்டல் செய்தது வந்தது. டெஸ்டர் என்ற சொல்லே வரவில்லை.

நேற்று நீட்டிப்பு அறிவிப்பு வந்தவுடன் அதை அப்படியே தம்பிக்கு அனுப்பினேன். முதல் தடவையாக யார் சொன்னது, எப்போது சொன்னது என்று பார்த்துவிட்டு அனுப்புகிற மாதிரி கை நடுங்கியது. "சரிண்ணா, நாளைக்கு மார்னிங் ஷிப்ட்" என்று பதில் போட்டான்.

அந்த வீடியோவின் கீழேயும் போய், தலைப்பையாவது மாற்றுங்கள் என்று கேட்டு எழுதினேன். இப்போது பார்த்தேன். என் கமென்ட் இல்லை. "டீல் செத்துப்போச்சு" அப்படியே இருக்கிறது.