இயந்திரத்துக்குப் பணம் இருக்கிறது, ஆளுக்கு மட்டும் இல்லையா?

சனிக்கிழமை கூட்டத்தில் நடந்தது குன்னூர், கோத்தகிரி நண்பர்கள் எல்லோருக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றி முடித்துவிட்டது. முழுக் கதையையும் திரும்பச் சொல்லவில்லை. நம் மலையின் குப்பையை உரமாக்குவது எப்படி என்று இங்கேயே தங்கிச் சோதிக்க ஓர் ஆராய்ச்சியாளர் பணியிடம் கேட்டிருந்தோம். அதற்கு மூன்று வருடச் சம்பளம் தர மறுத்தார்கள், சரி, பணம் அவர்களுடையது. ஆனால் "குப்பை அள்ள பிஎச்டி எதுக்கு?" என்று ஒருவர் கேட்டதும் மேடையில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்களே, அதை என்னால் விட முடியவில்லை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் உரம் தயாரிக்கும் இயந்திரம் வாங்கத் தீர்மானம் போட்டார்கள். கைதட்டினார்கள்.

இயந்திரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதில் எதை, எவ்வளவு, எந்த மாதத்தில் போடுவது என்று நம் ஊர்க் குளிரில் நின்று சோதித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றுதான் கேட்டோம்.

என் பள்ளி நாட்களில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மானியத்தில் சாண எரிவாயுக் கலன் கட்டிக் கொடுத்தார்கள். ஏப்ரல், மே மாதங்களில் அடுப்பு நன்றாக எரிந்தது. அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம், பக்கத்து வீட்டு அக்காக்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். மார்கழியில் சுடர் நீலமாக ஒரு நிமிடம் நின்று அணைந்துபோகும். பார்க்க வந்த அதிகாரி, "நீங்க சாணம் சரியாப் போடலைம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மாட்டின் சாணத்தையும் ஒரு கூடை குறையாமல் போட்டவர் அம்மா. அவர் மறுபடியும் சீகை விறகுக்கே போனார், இருமலும் திரும்ப வந்தது. கலனில் இருக்கிற நுண்ணுயிர்கள் 35 டிகிரி வெப்பத்தில்தான் நன்றாக வேலை செய்யும், 15 டிகிரிக்குக் கீழே போனால் வாயு பாதாளத்துக்கு இறங்கிவிடும் என்பது எனக்குக் கல்லூரியில்தான் தெரிந்தது. உறைபனி விழும் மலையில், சமவெளிக்கு வரைந்த அதே கலனைக் கட்டிவிட்டு, பழியை அம்மா தலையில் போட்டார்கள். ஒரு வெப்பமானியை அதற்குள் விட்டுப் பார்க்க அன்றைக்கு ஆள் இல்லை.

இயந்திரத்துக்கும் இதுதான் நடக்கும். உரக்குவியல் சில நாளாவது 55 டிகிரிக்கு மேல் சூடேறி நின்றால்தான் நோய்க்கிருமி சாகும். கரிச்சத்தும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஏறத்தாழ 25, 30-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். நம் காய்கறி மார்க்கெட் கழிவு என்ன? முட்டைக்கோஸ் இலை, கேரட் தழை. முட்டைக்கோஸில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஐப்பசி மழையில் அதைக் குவித்தால் சூடேறாது, அழுகி நாறும். அந்த நாற்றத்துக்குக் கரடி வரும், காட்டெருமை வரும். சரி, காய்ந்த பொருளாக எதைக் கலப்பது? கவாத்து செய்த தேயிலைக் குச்சியா, மரத்தூளா, தைலம் காய்ச்சி மிஞ்சும் கற்பூர மர (யூகலிப்டஸ்) இலையா? அந்த இலையில் மிச்சமிருக்கும் எண்ணெய் நுண்ணுயிருக்கு ஆகாது. தேயிலைக் கழிவில் காஃபினும் துவர்ப்பும் இருக்கிறது, அதை அப்படியே போட்டால் நாற்று முளைக்குமா? இதையெல்லாம் இயந்திரம் விற்க வருகிறவர் சொல்ல மாட்டார். சொல்ல அவருக்குத் தெரியவும் தெரியாது.

"கோயம்புத்தூரில் இவ்வளவு பெரிய வேளாண் பல்கலைக்கழகம் இருக்கே, அங்கே கேட்டுக்கலாமே" என்பார்கள். கேட்கலாம். ஆனால் கோயம்புத்தூர் வெயிலில் வெந்த குவியலின் கணக்கு ஊட்டி தீட்டுக்கல் குப்பைக் கிடங்கின் மூடுபனிக்கு எப்படிப் பொருந்தும்?

"குப்பையில் காசு வராது" என்று இன்னொருவர். தேயிலைக் கழிவை யாரும் திரும்பத் தேயிலையாக விற்றுவிடக் கூடாது என்பதற்காக 1959-லேயே தனி உத்தரவு போட்டிருக்கிறது அரசாங்கம். அதே கழிவிலிருந்து காஃபின் எடுத்து மருந்துக்கும் பானத்துக்கும் விற்கிறார்கள். கழிவாக விற்கும்போது வரும் விலையையும் காஃபினின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் உண்ணிச்செடிக் (லான்டானா) குச்சியில் செய்த யானைகள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. காட்டையே மூடிக்கொண்ட செடி அது.

"ஆராய்ச்சியாளர்கள் வருவார்கள், கட்டுரை எழுதுவார்கள், போய்விடுவார்கள்." இதைச் சொன்னவர் மூத்தவர், அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அண்ணா, நீங்கள் சொல்வது உண்மை. கேள்வித்தாளோடு வந்து எங்கள் ஆட்களிடம் மணிக்கணக்கில் பேசி, அப்புறம் ஒரு போன்கூடச் செய்யாதவர்களை எனக்கும் தெரியும். அதனால்தான் ஆறு மாத புராஜெக்ட் மாணவர் வேண்டாம், மூன்று வருடம் இங்கேயே தங்கும் ஆள் வேண்டும் என்றோம். முடிவுகளைத் தமிழில் எழுதி ஊராட்சியில் வைக்க வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தது. அதைப் படித்தீர்களா அண்ணா?

"பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை, இதில் ஆராய்ச்சிக்கு எங்கே போவது?" விலை இல்லாத வலி எனக்கு வேறு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இயந்திரத்துக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? மத்திய அரசின் ஆராய்ச்சி உதவித்தொகைக் கணக்குப்படி முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், மூன்றாம் வருடம் 42,000. கூட்டினால் 13 லட்சத்து 92 ஆயிரம், வீட்டு வாடகைப்படி தனி. இயந்திரத்தின் விலை தீர்மானத்திலேயே இருக்கிறது, பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்த மலைக்கு ஆராய்ச்சி புதிதும் இல்லை. உருளைக்கிழங்கில் தங்க நூற்புழு இருப்பதை நீலகிரியில் கண்டுபிடித்தது 1961-ல். அதைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா ரகம் வந்தது 1985-ல். நடுவில் இருபத்து நான்கு வருடம். ஊட்டி பக்கம் முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆட்கள் மண்ணை எடுத்துப் புழுவை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு "புழு எண்ண விஞ்ஞானி எதுக்கு" என்று சிரித்திருந்தால்? உருளைக்கிழங்குக்குக் கிடைத்த மரியாதை குப்பைக்கு ஏன் கிடையாது? குப்பையைத் தொடுகிற கை யாருடைய கை என்பதால்தானே? தொடுகிறவரைக் கீழாகப் பார்க்கிற புத்தி, அதைப் படிக்கிறவரையும் கீழாகத்தான் பார்க்கும்.

2024 ஆகஸ்டில் பயோஇ3 என்ற உயிரித் தொழில்நுட்பக் கொள்கைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2030-க்குள் 300 பில்லியன் டாலர் உயிரிப் பொருளாதாரம் என்று இலக்கு. நம் மேடைகளிலும் அதைப் பேசினார்கள், அதே ஆட்கள்தான். அந்தப் பெரிய எண்ணிக்கையைச் சொல்லும்போது வராத சிரிப்பு, ஒரே ஒரு ஆளுக்குச் சம்பளம் என்றதும் வருகிறது.

அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இந்த மலையில் பிறந்தவள், தோட்டத் தொழிலாளர் லயன் வீட்டிலிருந்து படித்து வந்தவள், உயிரித் தொழில்நுட்பத்தில் முதுகலை. பணியிடம் வந்தால் விண்ணப்பிக்கலாம் என்று நான்தான் வரச் சொன்னேன். சிரிப்பு எழுந்தபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பெங்களூர்ல டேட்டா என்ட்ரி வேலை ஒண்ணு இருக்கு சார், போயிடறேன்" என்று நேற்று போனில் சொன்னாள். நம் பிள்ளைகள் எல்லாம் மலையை விட்டுப் போகிறார்கள் என்று அழுகிறீர்களே, அவர்கள் இருப்பதற்கு ஒரு நாற்காலி போட்டீர்களா? எத்தனை வீடு மார்கழியில் பூட்டிக் கிடக்கிறது, போய்ப் பார்த்திருக்கிறீர்களா?

இதை எழுதியதால் அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வராமல் போகலாம். போகட்டும், அழைக்காவிட்டாலும் போவேன். இயந்திரத்துக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியையாவது முதல் வருடச் சம்பளத்துக்கு மாற்றச் சொல்லி மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்பும் விவசாயிகள், ஃபேக்டரி ஊழியர்கள், தூய்மைப் பணியாளர்கள் இன்பாக்ஸில் எழுதுங்கள், நானே வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.