பிஎஸ்5 ஸ்லிம்: டிஸ்க் டிரைவ் உள்ளதையே வாங்குங்கள்

சோனியின் வீடியோ கேம் பெட்டியான பிளேஸ்டேஷன் 5இல் (பிஎஸ்5) இளைத்த மாடலான ஸ்லிம்மை வாங்கலாமா, இல்லை பழைய பெரிய பெட்டி நல்ல விலைக்குக் கிடைத்தால் அதுவே போதுமா என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, இங்கேயே எழுதிவிடுகிறேன். வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டில் இருப்பது ஸ்லிம். பழைய மாடல் ராணிப்பேட்டையில் தம்பி வீட்டில் இருக்கிறது. இரண்டிலும் விளையாடியிருக்கிறேன், இரண்டையும் திறந்து தூசு தட்டியிருக்கிறேன்.

என்னைக் கேட்டால், இந்த ஸ்லிம்மில் பெட்டி இளைத்ததைப் பேசுவதே வீண். கேம் டிஸ்க்கைச் செருகிப் படிக்கும் டிஸ்க் டிரைவ் கழற்றி மாட்டும் பாகமாக மாறியிருக்கிறதே, அதுதான் விஷயம். நல்லதும் அதில்தான் இருக்கிறது, பயமும் அதில்தான்.

அளவை முதலில் முடித்துவிடுவோம். பழைய டிஸ்க் மாடல் நிற்க வைத்தால் 39 செ.மீ. உயரம், எடை 4.5 கிலோ. ஸ்லிம் 35.8 செ.மீ., 3.2 கிலோ. மொத்தப் பருமனில் 30 சதவீதத்துக்கு மேல் குறைத்திருக்கிறோம் என்று சோனி சொன்னது. கையில் தூக்கினால் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. ஆனால் டிவிக்குப் பக்கத்தில் வைத்த பிறகு? "இன்னாடா இது, புதுசு புதுசுன்ன, அதேதான குந்தினுகீது" என்றார் அம்மா. அவர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

விலையில்தான் எனக்கு வருத்தம். முன்பெல்லாம் ஸ்லிம் என்று ஒன்று வந்தாலே விலை இறங்கும். 2009இல் பிஎஸ்3 ஸ்லிம் வந்தபோது அமெரிக்காவில் 399 டாலராக இருந்தது 299 ஆனது. 2016இல் பிஎஸ்4 ஸ்லிம்மும் முந்தைய விலையைவிடக் குறைவாகத்தான் வந்தது. இந்த முறை அந்தப் பேச்சே இல்லை. இந்தியாவில் 2021 பிப்ரவரியில் டிஸ்க் மாடல் 49,990 ரூபாய்க்கு வந்தது. 2022 கடைசியில் அதை 54,990 ஆக்கினார்கள். 2024 ஏப்ரலில் ஸ்லிம் வந்தபோதும் அதே 54,990. பிளாஸ்டிக் குறைந்தது, எடை குறைந்தது, கப்பலில் அதிகப் பெட்டி அடுக்கலாம். அந்த மிச்சமெல்லாம் எங்கே போனது என்று கேட்கத் தோன்றாமல் இருக்குமா? இத்தனைக்கும் நிற்க வைக்கும் ஸ்டாண்டு பழைய பெட்டியோடு இலவசமாக வந்தது. இப்போது அது தனி விலை. படுக்க வைக்க மட்டும் சுண்டுவிரல் அகலத்தில் கண்ணாடி மாதிரி இரண்டு பிளாஸ்டிக் கால்கள் கொடுக்கிறார்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அதைக் கண்ணில் காட்டாதீர்கள்.

பதிலுக்கு வாங்கிக்கொண்ட நல்லது ஒன்று உண்டு, இடம். 825 ஜிபி இருந்தது 1 டிபி ஆகியிருக்கிறது. நமக்கென்று மிஞ்சுவது பழையதில் 667 ஜிபி, இதில் 842 ஜிபி. பெரிய கேம் ஒன்றே 100 ஜிபியைத் தின்னும் காலத்தில் இது இரண்டு கேமுக்கான இடம்கூட இல்லை என்பீர்கள். சரிதான், ஆனால் எதை அழிப்பது என்று உட்கார்ந்து யோசிக்கும் நாள் தள்ளிப் போகிறது. போதாதவர்கள் பழையதில் செய்த மாதிரியே உள்ளே செருகும் எம்.2 எஸ்எஸ்டி என்ற சேமிப்பு அட்டையை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் தகட்டோடு சேர்த்து 11.25 மி.மீ. கனத்துக்குள் இருக்க வேண்டும், அதை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

முன்பக்கம் இருக்கும் யுஎஸ்பி துளைகள் இப்போது இரண்டுமே டைப்-சி. பழைய டைப்-ஏ பென்டிரைவ் செருகப் பின்னால் கை விட்டுத் தடவ வேண்டும்.

அடுத்தது வெயில். வேலூரில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் எப்படி? பெட்டிக்குள் வரும் கையேட்டில் 5 முதல் 35 டிகிரி வரையில் பயன்படுத்தச் சொல்லிப் போட்டிருக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் நம் ஊரில் 35 டிகிரி என்பது காலைப் பலகாரம் முடிவதற்குள் வந்துவிடும். கத்திரியில் 40ஐத் தாண்டும். சுற்றி நிற்கும் பாறை மலைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்கத் திருப்பிக் கொடுக்கும். கையேட்டை அப்படியே மதித்தால் ஏசி இல்லாத வீட்டில் பங்குனி முடிந்ததும் இதைத் துணி போட்டு மூடி வைக்க வேண்டியதுதான்.

சின்னப் பெட்டிக்குள் அதே கம்ப்யூட்டரை அடைத்தால் சூடு அதிகமாகுமே என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் முதலில் வந்த சிப் 7 நானோமீட்டர் நுணுக்கத்தில் செய்தது. 2022இல் வந்த மாடல்களிலிருந்தே 6 நானோமீட்டருக்கு மாறிவிட்டார்கள், ஸ்லிம்மிலும் அந்த வகைதான். சிப் தின்னும் மின்சாரமே குறைந்துவிட்டதால் அவ்வளவு பெரிய பெட்டி தேவைப்படவில்லை. என் அனுபவத்தில் தம்பி வீட்டுப் பெட்டிக்கும் இதற்கும் ஃபேன் சத்தத்தில் பெரிய வேறுபாடு இல்லை. சூடு பெட்டிக்குள் தங்குவதில்லை, பின்பக்கமாக வெளியே வந்து அறைக்குள் சுற்றுகிறது, அவ்வளவுதான். கனமான கேம் ஓடும்போது 200 வாட் அளவில் இழுக்கும் சாமான் இது. அறை சூடாகத்தான் செய்யும்.

நம் வீடுகளில் சிக்கல் பெட்டியைவிட ஷோகேஸ்தான். கண்ணாடிக் கதவு போட்ட டிவி ஷோகேஸில் மேல் தட்டில் பொம்மை, கீழ்த் தட்டில் பிஎஸ்5 என்று வைத்திருக்கும் எத்தனையோ வீடுகளைப் பார்த்துவிட்டேன். தயவுசெய்து வெளியே எடுங்கள். சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும் என்று கையேடே சொல்கிறது. ஸ்டாண்டுக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடித்து, திறந்த ஸ்டூல் ஒன்றை வாங்கிப் படுக்க வைத்தாலே போதும்.

தூசு விஷயத்தில் ஸ்லிம்முக்கே என் ஓட்டு. எங்கள் வீடு பெங்களூரு நெடுஞ்சாலைக்குக் கிட்டே. லாரிப் புழுதி கதவு சாத்தினாலும் வரும். ஸ்லிம்மில் வெள்ளை மூடி நான்கு துண்டு. மூலையில் விரலைக் கொடுத்து நிமிண்டினால் டப் என்று கழன்று வருகிறது, ஸ்க்ரூ டிரைவர் தேவையில்லை. கரண்டை நிறுத்தி ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கையை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினால் சாம்பல் நிறத்தில் உருண்டு உருண்டு வரும். ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். மேல் மூடிகள் மட்டும் பளபளா என்று இருக்கின்றன. அதில் விரல் ரேகையும் கீறலும் பளிச்சென்று தெரியும். கீழ் மூடிகளைப் போல மங்கலாகவே எல்லாவற்றையும் விட்டிருக்கலாம். யாருக்காக இந்தப் பளபளப்போ!

சரி, டிஸ்க் டிரைவுக்கு வருகிறேன். டிஸ்க் போடும் கேம் கன்சோல்களில் முதலில் மக்கர் பண்ணுவது பெரும்பாலும் இதுதான். சுற்றும் மோட்டார், லேசர் கண், உருளை ரப்பர் என்று தேயும் சாமான் எல்லாம் அங்கேதான். பழைய பிஎஸ்5இல் டிரைவ் போனால் பெரிய தலைவலி. டிரைவில் இருக்கும் சின்ன போர்டு அந்தக் குறிப்பிட்ட மதர்போர்டோடு மட்டும்தான் பேசும். இன்னொரு பெட்டியிலிருந்து முழு டிரைவையும் எடுத்து மாட்டினால் டிஸ்க் படிக்காது. மெக்கானிக் உங்கள் பழைய போர்டைக் கழற்றிப் புது டிரைவில் மாட்ட வேண்டும், அந்த போர்டே போயிருந்தால் கதை முடிந்தது. ஸ்லிம்மில் மூடியை எடுத்து, டிரைவை இழுத்து, வேறொன்றைச் செருகினால் வேலை முடிந்தது. இதற்காகச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும் ரயில் ஏற வேண்டாம். இதை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் செருகியதும் இன்டர்நெட் கேட்கும். சோனியின் சர்வரில் போய் இந்த டிரைவ் இந்தப் பெட்டிக்கு என்று பதிவு செய்த பிறகுதான் டிஸ்க் ஓடும். ஒரு முறை செய்தால் போதும், மொபைல் ஹாட்ஸ்பாட்டிலேயே நிமிடத்தில் முடிந்துவிடும் என்பது உண்மைதான். என் கேள்வி வேறு. இன்னும் பதினைந்து, இருபது வருடம் கழித்து அந்த சர்வர் இருக்குமா? பழைய பிஎஸ்2ஐ இன்றைக்கும் பரணிலிருந்து இறக்கி டிஸ்க் போட்டு ஓட்டுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஸ்லிம்மில் வீடு நம் பெயரில், சாவி மட்டும் இன்னொருவர் கையில்.

தனிப் பாகமாக ஆக்கியதன் அடுத்த படியும் தெரிந்துவிட்டது. 2024 நவம்பரில் இன்னும் வேகமான மாடலான பிஎஸ்5 புரோ 699.99 டாலருக்கு வந்தது, டிஸ்க் டிரைவே இல்லாமல். வேண்டுமென்றால் தனியாக வாங்கி மாட்டிக்கொள் என்றார்கள். அதில் இருந்த 6 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லாததால் வெளியானபோது அது இந்தியாவுக்கு வரவில்லை. நாம் தப்பித்தோம் என்றுதான் நான் நினைத்தேன்.

ஏனென்றால் நம் ஊரில் டிஸ்க்தான் காசு. புதுசாக வரும் பெரிய கேம் 4,999 ரூபாய். டிஸ்க்காக வாங்கினால் முடித்துவிட்டு விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், மச்சானுக்கு ஓசியில் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க முடியாமல் திண்டாடலாம். காட்பாடிப் பக்கம் கல்லூரிப் பையன்கள் பரீட்சை முடிந்து ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் நல்ல டிஸ்க்குகள் பாதி விலைக்குக் கிடைக்கும். டிஜிட்டலில், அதாவது டிஸ்க் இல்லாமல் இன்டர்நெட்டில் இறக்கிக்கொள்ளும்படி வாங்கினால் அந்த 4,999 உங்கள் அக்கவுன்ட்டோடு ஒட்டிக்கொண்டது, தம்பிக்குக்கூடத் தர முடியாது.

டிஸ்க் டிரைவே இல்லாத டிஜிட்டல் ஸ்லிம் 2024 ஏப்ரலில் 44,990க்கு வந்தது, டிஸ்க் மாடலைவிடப் பத்தாயிரம் குறைவு. காசு மிச்சம் என்று அதை வாங்குகிறவர்களிடம் நான் சொல்வது, வருடத்துக்கு நான்கைந்து கேமாவது டிஸ்க்கில் வாங்கி விற்கிறவர் என்றால் டிஸ்க் மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடும். இப்போது டிஜிட்டல், பிறகு டிரைவ் என்ற கணக்கும் உதவாது. அமெரிக்காவில் ஸ்லிம் வந்தபோது இரண்டு மாடலுக்கும் வித்தியாசம் 50 டாலர், டிரைவை மட்டும் தனியாக வாங்கினால் 79.99 டாலர். யார் லாபத்துக்கு அந்த விலை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பிஎஸ்5 நன்றாக ஓடுகிறது என்றால் அதை விற்று ஸ்லிம்முக்கு மாறத் தேவையே இல்லை. படம் அதேதான், வேகமும் அதேதான். முதல்முறை வாங்குகிறவர்கள் டிஸ்க் ஸ்லிம்மை வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்டில் ஸ்லிம் பார்க்கிறீர்கள் என்றால் கையோடு ஒரு பிஎஸ்5 டிஸ்க் கொண்டுபோங்கள். அவர்கள் வீட்டிலேயே போட்டு, கேம் உள்ளே ஏற ஆரம்பிக்கிறதா, எடுக்கச் சொன்னால் டிஸ்க் தடங்கலில்லாமல் வெளியே வருகிறதா என்று பாருங்கள். டிரைவ் பிறகு மாட்டியதா, பெட்டியோடு வந்ததா என்று கேளுங்கள். அப்புறம் அந்த இரண்டு பிளாஸ்டிக் கால்களையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.