பழங்காகிதம் என்று சொன்னவர்களுக்கு

நேற்று நம் தமிழர் குழுவில் நடந்ததைப் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள் என்பதால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லவில்லை. தன் கொள்ளுப்பாட்டி தங்கிப் படித்த கத்தோலிக்கக் கன்னியர் பள்ளியின் பதிவேடுகளைத் தேடும் ஓஜிப்வே என்ற அமெரிக்கப் பழங்குடிப் பெண்ணைப் பற்றிய செய்தியை நான் பகிர்ந்ததற்கு, "நூறு வருஷத்துப் பழங்காகிதத்தைக் கிளறி யாருக்கு என்ன லாபம்?" என்று ஓர் அண்ணன் கேட்டார். அதற்குக் கைதட்டியவர்களில் என் வீட்டில் சாப்பிட்டுப் போனவர்களும் உண்டு.

லாபம் அவளுக்குத்தான். அந்தப் பதிவேட்டில் இருப்பது அவள் குடும்பத்துப் பெயர்.

நாம் வாழும் இதே மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் ஜோசப் ஊர் மடத்துப் பெனடிக்டைன் சபைக் கன்னியர், 1878இல் ஒயிட் எர்த் என்ற ஓஜிப்வே பழங்குடி நிலப்பகுதிக்குப் போய்ப் பள்ளி தொடங்கினார்கள். 1880களில் அங்கிருந்த சிறுமிகளைத் தங்கள் மடத்துக்கே வரவழைத்து விடுதிப் பள்ளி ஒன்றையும் நடத்தினார்கள். அரசு ஒப்பந்தப்படி தலைக்கு இவ்வளவு என்று பணம் வந்ததால், எத்தனை தலைகள் இருந்தன என்ற கணக்கு அரசுக்குத் தவறாமல் போனது. வந்த பிள்ளை ஊர் திரும்பியதா, நோயில் இறந்ததா, எங்கே புதைக்கப்பட்டது என்பதும் அதே அக்கறையோடு எழுதப்பட்டதா என்றுதான் பேத்திகள் கேட்கிறார்கள்.

அதைத் தேடுவது எளிதல்ல. வருகைக் கணக்கு அரசின் ஆவணக் காப்பகத்தில் இருக்கும். திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானப் பதிவு பங்குக் கோவிலிலோ மறைமாவட்டத்திலோ இருக்கும். மடத்தின் நாளேடும் கடிதங்களும் புகைப்படங்களும் கன்னியரிடம் இருக்கும். பழங்குடிகளுக்கான கத்தோலிக்கப் பணியகத்தின் கடிதங்கள் மில்வாக்கியில் மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. இத்தகைய கத்தோலிக்க விடுதிப் பள்ளிகள் 22 மாநிலங்களில் 87 இருந்தன என்ற பட்டியலே 2023இல்தான் வெளிவந்தது. அதுவரை எந்தக் கதவைத் தட்டுவது என்பதே பலருக்குத் தெரியாது.

என் அம்மாவும் கன்னியர் விடுதியில் தங்கி எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அவர் இறந்த பிறகு பிறந்த தேதிக்குச் சான்று வேண்டி நான் அந்தப் பள்ளிக்குப் போனபோது, வயதான சிஸ்டர் ஒருவர் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டி, அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். பாதுகாவலர் கையொப்பம் என்ற இடத்தில் என் தாத்தாவின் கைநாட்டு இருந்தது. "எதற்குக் கிளறுகிறாய், உனக்கு என்ன லாபம்?" என்று அங்கே யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்குக் கேட்காமலே கிடைத்த மரியாதை அந்தப் பெண்ணுக்குக் கிடையாது என்றால், காரணத்தை அண்ணன்தான் விளக்க வேண்டும்.

"நீ திருச்சபைக்கு எதிரி" என்று இனி எழுதுவார்கள். கன்னியரிடம் படித்துத்தான் என் அம்மா எழுத்தறிந்தார்; அந்த நன்றியை எனக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. நன்றி இருப்பதால் கணக்குக் கேட்கக் கூடாது என்பது எந்த மறைக்கல்வி வகுப்பில் சொன்னது? செயின்ட் ஜோசப் மடத்துத் தலைவியே 2021இல் ஒயிட் எர்த் மக்களிடம் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். சிஸ்டர்களே கேட்டுவிட்ட மன்னிப்பை அவர்கள் சார்பில் திரும்பப் பெறும் அதிகாரத்தை நம் குழுவினருக்கு யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

தனியுரிமை என்றும் ஒருவர் எழுதினார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தனிநபர் விவரங்களையே அமெரிக்க அரசு 72 ஆண்டுகளில் எல்லோருக்கும் திறந்துவிடுகிறது. 1890இல் சிறுமியாக இருந்தவளின் இரகசியத்தை அவள் வம்சத்திடமிருந்தே காப்பாற்ற இவருக்கு அப்படி என்ன துடிப்பு?

காகிதத்தில் ஒன்றுமில்லை என்பவர்கள் ஒயிட் எர்த் நிலத்தின் கதையையாவது படிக்கலாம். 1867 ஒப்பந்தத்தில் அமைந்த பகுதி அது. கலப்பினத்தவராகக் கருதப்பட்ட பெரியவர்கள் தங்களுக்குப் பிரித்துத் தரப்பட்ட பங்கு நிலத்தை விற்கலாம் என்று 1906இல் சட்டம் வந்ததும், மர வியாபாரிகளும் தரகர்களும் புகுந்தார்கள். யார் கலப்பினம், யார் முழு இரத்தம் என்று யாரோ எழுதிய ஒற்றை வார்த்தையில் குடும்பங்களின் நிலம் போனது. நாம் வந்து வீடு வாங்கி, புல்வெளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு, "பழையதை விடுங்கள்" என்று அவர்களுக்கே புத்தி சொல்கிறோம். ஊரில் முக்கால் ஏக்கருக்காகப் பங்காளியோடு வழக்கு நடத்திக்கொண்டிருக்கும் அண்ணன் இதைச் சொல்வதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தப் பகிர்வை நான் நீக்கப் போவதில்லை. என்னைக் குழுவிலிருந்து எடுப்பதானால் எடுத்துவிடுங்கள். பொங்கல் விழாவுக்கு நான் ஒப்புக்கொண்ட சமையலை மட்டும் இப்போதே வேறு யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.