மேற்கோள் எண்ணிக்கைக்குள் அடங்காத சந்திரசேகர்
ஒரு இயற்பியலாளரின் தாக்கம் எவ்வளவு காலம் நிற்கிறது என்பதை மேற்கோள் எண்ணிக்கையே, அதாவது அவருடைய ஆய்வுக் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை குறிப்பிடுகிறார்கள் என்பதே, சொல்லிவிடும் என்று இங்கே வந்த கட்டுரையில் இருப்பது எனக்கு ஒப்பவில்லை. விண்மீன்களை ஆராய்ந்த இயற்பியலாளர் சந்திரசேகரையே எடுத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு உச்சவரம்பு உண்டு என்ற அவருடைய 1931ஆம் ஆண்டுக் கட்டுரை இரண்டே பக்கம்தான். இன்று சூப்பர்நோவா என்ற விண்மீன் வெடிப்பைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் ‘சந்திரசேகர் எல்லை, 1.4 சூரிய நிறை’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். பெயரே பாடநூலில் ஏறிவிட்ட பிறகு மூலக் கட்டுரையை யார் அடிக்குறிப்பில் போடப்போகிறார்கள்? அதே ஆள் 1943இல் ரிவ்யூஸ் ஆஃப் மாடர்ன் ஃபிசிக்ஸ் இதழில் தற்போக்கு நகர்வு, பிரவுனிய இயக்கம் (திரவத்தில் நுண்துகள்கள் ஒழுங்கின்றி அலைவது) பற்றி எழுதிய நீண்ட கட்டுரையை, விண்மீன் பக்கமே எட்டிப் பார்க்காத வேதியியல்காரர்கள்கூட மேற்கோள் காட்டுகிறார்கள். கூழ்மத் துகள்கள் பற்றிய என் ஆய்வேட்டில் நானும் போட்டேன். உண்மையைச் சொன்னால், முதல் அத்தியாயத்தைத் தாண்டிப் படிக்கவில்லை. பக்க எண்ணைக்கூட சீனியர் ஒருவரின் ஆய்வேட்டிலிருந்து அப்படியே எடுத்தேன். அதுவும் கணக்கில் ஒன்றுதானே! எனக்கு முன் இங்கே கருத்து எழுதிய ஒருவர், தாக்கத்தை அளக்க ஒரு கட்டுரை வெளியான முதல் மூன்று ஆண்டு மேற்கோள்களே போதும் என்கிறார். இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பெர்கின் 1967ஆம் ஆண்டு மூன்று பக்கக் கட்டுரையை 1971 வரை அநேகமாக யாரும் சீண்டவில்லை. அந்தக் கட்டுரையில் முன்வைத்த கோட்பாட்டுக்காகத்தான் 1979இல் அவருக்கு நோபலில் பங்கு கிடைத்தது.