ஜேம்ஸ் பாண்ட் ஓர் அரசு ஊழியன்

2021இல் வந்த படத்தில் ஜேம்ஸ் பாண்டைக் கொன்றே விட்டார்கள். ஆனாலும் அடுத்த பாண்ட் யார் என்ற பேச்சு ஓயவில்லை. இந்த மோகத்துக்குக் காரணம் காரும் துப்பாக்கியும் அழகிகளும்தான் என்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

நான் நேசிக்கும் பாண்ட் ஓர் அரசு ஊழியன். பாண்டைப் படைத்த எழுத்தாளர் இயான் ஃபிளெமிங் 1955இல் எழுதிய 'மூன்ரேக்கர்' நாவலின் முதல் அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். உயிரைப் பணயம் வைக்கும் வேலை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் வரும். மற்ற நாட்களில் லண்டன் அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்பு பார்க்கிறான். சம்பளம் ஆண்டுக்கு 1,500 பவுண்டு. 45 வயதானால், கொல்ல அனுமதி பெற்ற உளவாளிகளின் 00 பிரிவிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதற்குள் செத்துவிடுவோம் என்று மனம் சோர்ந்த நேரங்களில் அவனுக்குத் தோன்றுகிறது. அதனால் சாகும்போது வங்கிக் கணக்கில் முடிந்தவரை குறைவாகப் பணம் இருக்க வேண்டும் என்று விரும்புகிறான். இதைப் படித்த பிறகு அவனுடைய ஆடம்பரத்தை என்னால் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை.

சாப்பாட்டு விஷயமும் அப்படித்தான். முதல் நாவல் 'கசினோ ராயல்' 1953 ஏப்ரலில் வெளிவந்தபோது பிரிட்டனில் இறைச்சிக்கு இன்னும் ரேஷன் இருந்தது. அந்த வாசகர்கள் முன்னால் அவன் கேவியர் என்ற விலையுயர்ந்த மீன் முட்டையைச் சாப்பிட்டான். அது எவ்வளவு பெரிய கனவாக இருந்திருக்கும்! ஆனால் உணவில் ஏன் இத்தனை கவனம் என்பதற்கு அவனே காரணம் சொல்கிறான்: வேலையில் இருக்கும்போது பெரும்பாலும் தனியாகத்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது, மெனக்கெட்டுத் தேர்ந்தெடுத்தால் அது கொஞ்சம் சுவாரசியமாகிறது. தனியாகச் சாப்பிட்டுப் பழகிய எவருக்கும் இது புரியும்.

1959இல் வந்த 'கோல்டுஃபிங்கர்' நாவலின் தொடக்கத்தில் மயாமி விமான நிலையத்தில் மதுக் கோப்பையோடு உட்கார்ந்து, தான் கொன்ற மெக்சிகோக்காரனைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறான். அந்தக் கனம்தான் அவனை மனிதனாக்குகிறது.

அவனைக் குறையில்லாதவன் என்று நான் சொல்லவில்லை. 'லிவ் அண்ட் லெட் டை' நாவலில் கறுப்பின மக்களைப் பற்றி எழுதியிருக்கும் விதம் இன்று படிக்கக் கூசுகிறது. பெண்களைப் பற்றிய பல வரிகளும் அப்படியே.

திரைப்படங்களில் இந்தத் தனிமையை நினைவில் வைத்தவைதான் நிலைத்தன என்பது என் உறுதியான எண்ணம். 1969 படத்தில் திருமண நாளிலேயே மனைவியைப் பறிகொடுத்து, அவள் உடலை அணைத்தபடி உட்கார்ந்திருப்பான். 2006இல் பாண்டாக நடித்த டேனியல் கிரெய்க் அந்த வலியை மீட்டுக்கொண்டுவந்தார். 1979 'மூன்ரேக்கர்' படமோ அவனை விண்வெளிக்கு அனுப்பியது, நாவலின் உயிரைத் தரையிலேயே விட்டுவிட்டது.

அந்த நாவலின் முடிவு எனக்கு மனப்பாடம். லண்டனை அணுகுண்டு ஏவுகணையிலிருந்து காப்பாற்றியாயிற்று. கூடவே நின்று போராடிய காவல்துறைப் பெண் காலா பிராண்டுக்காகப் பூங்காவில் காத்திருக்கிறான். அவளோடு பிரான்சுக்கு விடுமுறை போகும் திட்டம் அவன் மனதில் தயார். அவள் வருகிறாள். சற்றுத் தொலைவில் நிற்கும் இளைஞனைக் காட்டி, அவரைத்தான் மணக்கப்போகிறேன் என்கிறாள். பாண்ட் வாழ்த்துகிறான். இருவரும் திரும்பி, ஆளுக்கொரு பக்கமாக நடக்கிறார்கள்.