ஓவனில் வைத்தால் எல்லா ஹெட்லைட்டும் திறக்காது

'எந்தக் காரின் ஹெட்லைட்டையும் ஓவனில் சூடாக்கினால் முன்மூடி கழன்றுவரும். உள்ளே துடைத்துவிட்டு சிலிக்கான் பசையால் ஒட்டிவிடலாம்' என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இதில் உண்மை பாதிகூட இல்லை.

பியூட்டைல் பசையால் ஒட்டப்பட்டவை சூட்டில் இளகும், சரி. பாலியூரித்தேன் பசையோ இறுகியபின் சூட்டுக்கு அசையாது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். வலுவாக இழுத்தால் விளிம்பு உடையும். இன்றைய முன்மூடிகள் பெரும்பாலும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்; ஏறத்தாழ 147 டிகிரி செல்சியஸில் இளகிவிடும். பாலிபுரொப்பிலீனால் ஆன பின்கூடு அதற்கு முன்பே வளையும். வீட்டு ஓவனிலோ சூடு ஒரே சீராக இருப்பதில்லை.

துடைக்கச் சொல்வதுதான் இதில் மோசமான அறிவுரை. பிரதிபலிப்பானின் பளபளப்பு மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. துணி பட்டாலே கீறல் விழும். போதாக்குறைக்கு, வினிகர் வாடை வீசும் சிலிக்கான் இறுகும்போது அசிட்டிக் அமிலம் வெளிவரும். அது அந்தப் பூச்சையே அரிக்கக்கூடியது.

மழைக்குப் பின் உள்ளே லேசாக ஆவி படிந்திருந்தால் திறக்கவே வேண்டாம். ஹெட்லைட்டில் காற்றுத்துளைகள் உண்டு. சிறிது நேரம் எரியவிட்டால் பெரும்பாலும் காய்ந்துவிடும். தண்ணீர் தேங்கி நின்றால், முதலில் பின்பக்க ரப்பர் மூடியைப் பாருங்கள்.